வேறு கை படாத சூரை

கார்மேகம் மூன்றாவது முறையாகக் குழம்பு ஊற்றிக்கொண்ட பிறகுதான் சபதம் எடுத்தார். அதற்கு முன்னாலேயே எடுத்திருந்தால் குழம்பு வீணாகியிருக்கும்.

"வள்ளி, இங்க பாரு. இனிமே இந்த வீட்டு அடுப்புல அடுத்தவன் பிடிச்ச மீன் ஏறக் கூடாது."

நாகவள்ளி அவர் தட்டைப் பார்த்தாள். ஓரமாக ஒதுக்கியிருந்த முள்ளைக் கணக்கில் எடுத்தால் ஏறவேண்டியது எல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது.

"கடையில வாங்குறதும் அடுத்தவன் பிடிச்சதுதாங்க."

"கடைக்காரன் வேற. அவன் வாசல்ல வந்து நின்னு 'தங்கச்சி, இந்தாங்கோ'ன்னு பல்லைக் காட்ட மாட்டான்."

பல்லைக் காட்டியவன் எதிர் வீட்டு சுஜந்தன். அவன் கதையைச் சொல்லாமல் கார்மேகத்தின் கதையைச் சொல்ல முடியாது. அந்த அளவுக்கு மனுஷன் அவனையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓமான் நாட்டு சோஹாரில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் முழுக்கத் தூசியும் டிப்பர் லாரியும். கார்மேகம் ஒரு கம்பெனி சைட்டில் ஸ்டோர் இன்சார்ஜ். சொந்த ஊர் மானாமதுரை. அவர் பார்த்த பெரிய தண்ணீர் வைகை. அதிலும் தண்ணீரைப் பார்த்ததைவிட மணலைப் பார்த்ததுதான் அதிகம். சுஜந்தனோ யாழ்ப்பாணத்துக்காரன், கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். ஒரு படகுக் கம்பெனியில் என்ஜின் மெக்கானிக். வெள்ளைக்காரத் துரைமாரை மூன்று நாள், நாலு நாள் என்று நடுக்கடலுக்குக் கூட்டிப் போய்த் தூண்டில் போட வைப்பதுதான் அந்தக் கம்பெனிக்குத் தொழில். சூரை மீனும், யெல்லோடெயில் என்று துரைமார் சொல்கிற மஞ்சவால் மீனும்தான் குறி. துரை காசைக் கொட்டி வருவார், வெயிலில் வெந்து ஒரு மீனை இழுப்பார், அதைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்வார், பிறகு மீனை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார். மானாமதுரையில் போய் இதைச் சொன்னால் உங்களைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

துரை விட்டுப்போன மீனும், இடையில் சுஜந்தன் தானே இழுத்த மீனும் ஐஸ் பெட்டியில் ஏறி இந்தக் கட்டடத்துக்கு வந்து சேரும். முதல் பங்கு எதிர் வீட்டுக்கு. நாகவள்ளி வாங்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"எப்படி அண்ணா இம்புட்டுப் பெருசை இழுத்தீங்க?"

"அது சும்மா, தங்கச்சி. ஒரு கையாலை இழுத்தது."

ஒரு கையால். கார்மேகம் சோபாவில் உட்கார்ந்தபடி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்வார். வயிறு எரியும். குழம்பில் காரம் என்று சொல்லி மோர் கேட்பார்.

மீனோடு போனால் பரவாயில்லை. சமையலறைக் குழாய் ஒழுகினால் சுஜந்தன். டிவி டிஷ் திரும்பிக்கொண்டால் சுஜந்தன். ஒருநாள் கேஸ் அடுப்பு எரியவில்லை என்று கார்மேகம் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வருவதற்குள் அடுப்பும் எரிந்தது, சுஜந்தன் டீ குடித்துவிட்டும் போயிருந்தான்.

"அவன் உன்னையத் தங்கச்சிங்கிறான். என்னைய அண்ணைங்கிறான். அப்ப நமக்குள்ள என்ன முறை ஆகுது?"

"அதை அவுங்ககிட்டத்தான் கேக்கணும். எனக்குக் கணக்குதான் தெரியும்."

"இதுவும் கணக்குதான்."

நாகவள்ளிக்குக் கணக்கு நிஜமாகவே தெரியும். எம்.எஸ்ஸி., பி.எட். கல்யாணம் ஆகி சோஹார் வந்த நாளாகச் சான்றிதழ்கள் பெட்டிக்குள் கிடந்தன. சுஜந்தனின் மனைவி மேனுஜா பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அங்கே கணக்கு டீச்சர் இடம் காலியாக இருக்கிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்று அவள்தான் வந்து சொன்னாள். நாகவள்ளிக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

கார்மேகம் முடியாது என்றார். வெயில் என்றார். பள்ளிக்கூடம் தூரம் என்றார். பிள்ளைகள் சேட்டை பண்ணும் என்றார். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. படகு கரையில் நிற்கும் வாரங்களில் மேனுஜாவும் பிள்ளைகளும் தினம் சுஜந்தன் காரில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கார்மேகத்தின் கார் டூட்டிக்குப் போய்விடும் என்பதால் நாகவள்ளியும் அதில்தான் ஏறவேண்டும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, வாரம் பூராவும். நினைத்தாலே அவருக்கு மோர் தேவைப்பட்டது.

அவள் பேச்சை எடுத்தால் இவர் எழுந்து குளிக்கப் போய்விடுவார். அந்த வாரம் மட்டும் கார்மேகம் அவ்வளவு சுத்தமாக இருந்தார்.

"சரி," என்றாள் நாகவள்ளி. "அடுத்தவன் மீன் வேணாம்னா யாரு மீனு?"

"நானே போய்ப் பிடிக்கிறேன்."

"எங்க?"

"கடல்ல. வேற எங்க?"

நாகவள்ளி கையைக் கழுவினாள். கதவைத் திறந்தாள். எதிர்க் கதவைத் தட்டினாள். கார்மேகம் "ஏய், ஏய்" என்று எழுவதற்குள் விஷயம் வராண்டாவுக்குப் போய்விட்டது.

"அண்ணா, இவரு மீன் பிடிக்கணுமாம். உங்க படகுல எடம் கெடைக்குமா?"

"ஓம் தங்கச்சி, வடிவாக் கிடைக்கும். புதுப் படகு ஒண்டு வந்திருக்கு. துரைமாரை ஏத்த முன்னம் ஆக்களை வைச்சு ஒருக்கா ஓடிப் பாக்க வேணும். மூண்டு நாள். நீங்களும் வாங்கோவன். சாப்பாடு எல்லாம் கம்பெனி."

சுஜந்தனை மிஞ்சுவதற்கே சுஜந்தனின் படகில்தான் போகவேண்டும் என்று ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தார். நாகவள்ளி அதற்குள் பை எடுக்கப் போயிருந்தாள். மேனுஜா வரவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. மேனுஜா இல்லாத படகில் தன் மனைவியைத் தனியாகவா அனுப்ப முடியும்? கார்மேகம் மறுபடி லீவு போட்டார்.

படகுத் தலைவர் அகமது கபீர், கீழக்கரைக்காரர். கப்பல் கப்பலாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் துரைமாருக்கு மீன் காட்டும் வேலைக்கு வந்தவர். புறப்பட்டதும் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"படகுல ஒரே சட்டம்தான் தம்பி. மீன் கடிச்ச தூண்டில் கம்பை யாரு கையில பிடிச்சாரோ அவரேதான் கடைசி வரைக்கும் இழுக்கணும். நடுவுல வேற யாரு கையாச்சும் கம்புல பட்டாலோ தங்கூசி நூல்ல பட்டாலோ, அந்த மீன் அவரு பிடிச்சது இல்ல. கூட்டு மீன். துரைமாருங்க இதுல ரொம்பக் கறாரு. அழுதுக்கிட்டே இழுப்பாங்க, கம்பைக் குடுக்க மாட்டாங்க."

"நல்ல சட்டம்," என்றார் கார்மேகம், சுஜந்தனைப் பார்த்துக்கொண்டே. "எல்லாருக்கும் பொதுதானே?"

"எல்லாருக்கும்தான்."

"பக்கத்துல நின்னு பேசலாமா?" என்று கேட்டாள் நாகவள்ளி.

"தாராளமாப் பேசலாம்மா. தண்ணி குடுக்கலாம், வேர்வை தொடச்சு விடலாம். கம்பைத் தொடாம இருந்தாச் சரி."

நாகவள்ளி நல்ல மாணவி மாதிரித் தலையாட்டினாள்.

முதல் நாள் கார்மேகம் மீன் எதுவும் பிடிக்கவில்லை. படகின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மஸ்கட்டைத் தாண்டி சூர் பக்கம் போகப் போகக் கடல் படகைத் தூக்கித் தூக்கி வைத்தது. காலையில் சாப்பிட்டதும் போனது, போன வாரம் சாப்பிட்டதும் போனது. நாகவள்ளி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துப் பிடித்தாள். அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. பரமக்குடிக்காரிக்குக் கடல் எப்படி ஒத்துக்கொண்டது என்பது கார்மேகத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சுஜந்தன் மஞ்சவால் ஒன்றை இழுத்தான். என்ஜினைக் கவனிக்கக் கீழே இறங்கப் போனவன், சும்மா கிடந்த கம்பு ஒன்று வளைவதைப் பார்த்து எடுத்தான். இன்னொரு கையில் பிஸ்கட் வைத்திருந்தான். பிஸ்கட் தீர்ந்ததும் மீன் மேலே வந்துவிட்டது.

"அண்ணா, அருமையா இழுத்தீங்க," என்றாள் நாகவள்ளி.

"இது சின்னன் தங்கச்சி."

சின்னதாம். கார்மேகத்தின் கால் நீளம் இருந்தது. மத்தியானம் அதைத்தான் பொரித்து வைத்தார்கள். நல்ல வாசனை. கார்மேகம் பட்டினி கிடந்தார். வயிறு கேட்கவில்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள், வயிறு கேட்டது. கொள்கை விடவில்லை.

மறுநாள் காலை கடல் கொஞ்சம் அடங்கியது. கார்மேகத்துக்கும் உயிர் திரும்பியது. கபீர் மேல் தட்டிலிருந்து தூரத்தில் பறவைக் கூட்டம் ஒன்றைக் காட்டினார். பறவை குத்திக் குத்தி எழுகிற இடத்துக்குக் கீழே சூரை ஓடுகிறது என்று அர்த்தமாம். படகு அந்தப் பக்கம் திரும்பியது. கார்மேகம் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்றார். கபீர் இறங்கி வந்து அவர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, அதிலிருந்த கிண்ணத்தில் கம்பின் அடியைச் செருகி, தோளுக்கு ஒரு வாரும் மாட்டிவிட்டுப் போனார். இப்போது கம்பை விட்டு அவர் ஓடவும் முடியாது, அவரை விட்டுக் கம்பு ஓடவும் முடியாது.

ரீல் அலறியது.

கார்மேகம் ஒரு அடி முன்னால் போனார். வாரு இழுத்தது. கம்பு வில்லாக வளைந்தது. தங்கூசி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"சூரை," என்று கபீர் மேலிருந்து கத்தினார். "பெரிய ஐட்டம் தம்பி. ஓட விடுங்க. நின்னதும் சுத்துங்க. யல்லா, யல்லா."

மீன் நின்றது. கார்மேகம் சுற்றினார். கொஞ்சம் வந்தது. வந்ததைவிட இரண்டு மடங்கு திரும்பப் போனது. மறுபடி சுற்றினார். மறுபடி போனது. இப்படியே வெயில் தலைக்கு ஏறுகிற வரை நடந்தது. அவர் ஸ்டோரில் பேனாவைத் தவிரக் கனமாக எதையும் தூக்கியதில்லை.

"என்னங்க, கை நடுங்குது."

"நடுங்கல. மீன் ஆடுது."

"மீன் அந்தக் கடைசியிலதான இருக்கு?"

என்ஜின் அறை மூடி பக்கத்தில் திறந்திருந்தது. அதிலிருந்து சுஜந்தனின் தலை மட்டும் எழும்பியது.

"அண்ணை, நல்லாக் களைச்சுப் போனியள். நான் ஒருக்காப் பிடிக்கட்டே?"

"தொடாத. கிட்ட வராத. நீ உள்ள போ."

தலை உள்ளே போனது. நாகவள்ளி ஐஸ் பெட்டியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு அதன்மேல் சவுகரியமாக உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"சனிக்கிழம பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லணுங்க."

"இப்ப எதுக்குடி பள்ளிக்கூடம்?"

"இப்பத்தானே நீங்க குளிக்க எந்திரிச்சுப் போக மாட்டீங்க."

கார்மேகம் திரும்பி அவளைப் பார்க்க நினைத்தார். கழுத்து திரும்பவில்லை.

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் வள்ளி."

"வீட்டுல பேச முடியுமா உங்ககூட? நீங்க டூட்டிக்குப் போனா அந்த நாலு சுவத்துக்குள்ள நான் என்ன செய்றேன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீங்களா? ஏசி சத்தம்தான் எனக்குப் பேச்சுத் துணை. எங்கப்பா வட்டிக்கு வாங்கிப் படிக்க வச்சாரு. அதைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு உக்காந்திருக்கேன். சில நாள் மத்தியானம் அழுகையா வருதுங்க. யாருகிட்டச் சொல்ல?"

கார்மேகத்துக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. இது அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்து வருத்தப்படலாம் என்றால் மீன் விடவில்லை, இன்னொரு ஓட்டம் ஓடியது.

"உன்னைய வேலைக்கு வேணாங்கலடி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவன் கார்ல போறதைத்தான் வேணாங்கிறேன்."

"வெயிலு, தூரம், பிள்ளைங்க சேட்டைன்னெல்லாம் சொன்னீங்க?"

"அதெல்லாம் சும்மா. எனக்கு வயிறு எரியுது. போதுமா?"

"எதுக்கு எரியுது?"

"அவன் குழாய் மாட்டுறான், அடுப்பு மாட்டுறான், ஒரு கையில பிஸ்கட்டுத் திங்கிறான், இன்னொரு கையில மீன் பிடிக்கிறான். நான் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கிட்டு இருக்கேன். நீ அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வருது."

நாகவள்ளி ஐஸ் பெட்டியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நட்டு போல்ட்டு எண்ணுறவரைத்தானே நான் கட்டியிருக்கேன்."

கார்மேகத்துக்குக் கண் கலங்கியது. வேர்வையும் சேர்ந்துகொண்டதால் எது எது என்று தெரியவில்லை. நல்ல இடம். இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"அப்ப வேலை வேணாம்னு சொல்லிரு," என்றார்.

நாகவள்ளி என்ஜின் அறைப் பக்கம் திரும்பினாள்.

"சுஜந்தன் அண்ணா."

தலை எழும்பியது. "என்ன தங்கச்சி? பிடிக்கட்டே?"

"ஐயோ, வேணாம்," என்றார் கார்மேகம். "போ. நீ போ. வள்ளி, போயிட்டு வா. வேலைக்குப் போ. நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமில்லண்ணா. சும்மாதான் கூப்பிட்டேன்."

தலை உள்ளே போனது.

"வேலைக்குப் போறேன். சரி. எப்படிப் போறது?"

"தண்ணி குடு மொதல்ல."

அவள் பாட்டிலைத் திறந்தாள். அவர் வாயை நீட்டினார். பாட்டில் உதட்டுக்கு நாலு விரல்கடை தூரத்தில் நின்றது.

"அவுங்க கார் வேணாம்னுட்டீங்க. டாக்சிக்குக் குடுத்துக் கட்டுபடி ஆகாது. நடந்தா போகமுடியும்?"

"நான் விடுறேன்."

"நீங்களா? உங்களுக்கு டூட்டி இருக்கே."

"டூட்டிக்கு முன்னால விடுறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து கூப்பிட்டுக்கிறேன். தண்ணியக் குடுடி."

ஒரு மடக்கு கிடைத்தது.

"தெனமும்?"

"தெனமும்."

"அப்புறம் இன்னொண்ணு. மேனுஜா அக்காதான் எனக்கு இந்த வேலையே சொன்னாங்க. நான் தனியா கார்ல ஜம்முன்னு போறேன், அவுங்க பின்னாலயே இன்னொரு கார்ல வர்றாங்கன்னா நல்லாவா இருக்கும்? வீண் பொல்லாப்பு."

மீன் இந்த முறை நேராகக் கீழே இறங்கியது. கார்மேகம் படகின் விளிம்பில் முட்டி மோதி நின்றார். முழங்கை கழன்றுவிடும் போலிருந்தது. சுஜந்தனின் தலை யாரும் கூப்பிடாமலே எழும்பியது. கை ஒன்றும் வெளியே வந்தது.

"கையை எடு," என்றார் கார்மேகம். "வள்ளி, அவன் கையை எடுக்கச் சொல்லு."

"மேனுஜா அக்கா?"

"அவுங்களும் நம்ம கார்லயே வரட்டும்."

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்களும் வரட்டும். பையும் வரட்டும், சாப்பாட்டுக் கேரியரும் வரட்டும். யாரு வேணா ஏறிக்கட்டும். அவன் மட்டும் என் பொண்டாட்டிய வச்சுக் கார் ஓட்டக் கூடாது."

கடைசி வாக்கியத்தை அவர் மூச்சில்லாமல் சொன்னதால் பக்கத்தில் இருந்த நாகவள்ளிக்கும் மேலே இருந்த கபீருக்கும் மட்டும்தான் கேட்டது.

"கேட்டேன் தம்பி," என்றார் கபீர் மேலிருந்து. "கலாஸ், பேச்சு முடிஞ்சது. நான் சாட்சி."

"அண்ணா, நீங்க என்ஜினைப் பாருங்க," என்றாள் நாகவள்ளி. "இவரு தனியாவே இழுத்துருவாரு. இவருக்குத் தெம்பு ஜாஸ்தி."

கையும் தலையும் உள்ளே போயின. அவள் பாட்டிலை அவர் வாயிலேயே வைத்தாள். பாதி பாட்டில் தண்ணீர் குடித்தார். தெம்பு ஜாஸ்தி என்று அவள் இதுவரை சொன்னதில்லை. கார்மேகத்துக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், சுற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார், சுற்றினார். பச்சைத் தண்ணீருக்குள் வெகு ஆழத்தில் வெள்ளியாக ஏதோ மின்னியது.

"வருது," என்று கபீர் கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

அப்போது கம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. இதுவரை இழுத்த மாதிரி இல்லை, யாரோ வெடுக்கென்று பிடுங்கிய மாதிரி. அதற்குப் பிறகு கனம் குறைந்துவிட்டது. கார்மேகம் வேகமாகச் சுற்றினார். லேசாக வந்தது. ரொம்ப லேசாக வந்தது.

"களைச்சுப் போச்சு," என்றார் சந்தோஷமாக. "என்கிட்ட முடியுமா?"

கபீர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். கொக்கியைப் போட்டுத் தூக்கிப் பலகையில் வைத்தார்.

தலை. நல்ல பெரிய தலை. பானை அளவு இருந்தது. கண்ணெல்லாம் தெளிவாக இருந்தது. செவுளுக்குப் பின்னால் மட்டும் ஒன்றுமில்லை. கத்தியால் வெட்டிய மாதிரி முடிந்திருந்தது.

"சுறா," என்றார் கபீர். "கீழயே காத்துக்கிட்டு நின்னிருக்கு. நாம இழுத்துக் களைக்க வச்சதும் வந்து ஒரே கவ்வு. இந்தப் பக்கத்துல இது சகஜம் தம்பி. மனச விட்டுராதீங்க."

கார்மேகம் இடுப்புப் பட்டையைக் கூடக் கழற்றவில்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்தார். தலையைப் பார்த்தார். தலை அவரைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

"கபீர் பாய், சட்டப்படி இது யாரு மீன்?"

கபீர் தாடியைத் தடவினார்.

"வேற கை படல. அதுல நீங்க சுத்தம். ஆனா வேற வாய் பட்டுருச்சே."

சுஜந்தன் என்ஜின் அறையிலிருந்து ஏறி வந்து பார்த்தான். "அடடா, நல்ல மீன் அண்ணை. தலையே இவ்வளவு எண்டால் முழுசு எவ்வளவு இருந்திருக்கும்," என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். அதுதான் கார்மேகத்துக்குப் பொறுக்க முடியாமல் போனது. இவன் கேலி செய்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் போனதும் கார்மேகம் குரலைத் தாழ்த்தினார்.

"வள்ளி, மீனுக்காகத்தானே எல்லாம் பேசினோம். மீனே வரலையே."

"மீன் வரும்னு நானா சொன்னேன்? அண்ணன் கை படக் கூடாதுன்னுதான பேசினீங்க? படல."

"மூணு தடவை தலைய நீட்டினான்."

"தலைதான நீட்டினாங்க? தலைதான உங்களுக்கும் வந்துச்சு?" என்றவள், அவர் முகம் போன போக்கைப் பார்த்து இறங்கிவந்தாள். "சூரையில தலைதாங்க ருசி. இருங்க, நான் வைக்கிறேன்."

படகின் சமையலறையில் புளி இருந்தது, மிளகாய்த் தூள் இருந்தது. நாகவள்ளி அந்தத் தலையைப் பிளந்து குழம்பு வைத்தாள். எல்லாருக்கும் ஊற்றினாள். "இது இவரு பிடிச்சது," என்று ஊற்றும்போதெல்லாம் சொன்னாள். சுஜந்தன் இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு, இப்படிக் குழம்பு தான் சாப்பிட்டதே இல்லை என்றான். கார்மேகம் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்து யோசித்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு உண்மை புலப்பட்டது. தோற்றது தான் இல்லை. நாகவள்ளி வேலைக்குப் போகிறாள், போகட்டும். பாவம், எத்தனை நாளைக்குத்தான் ஏசியோடு பேசுவாள். ஆனால் சுஜந்தன் காரில் அவள் ஏறப்போவதில்லை. மேனுஜாவே ஏறப்போவதில்லை. சொந்தப் பிள்ளைகளே ஏறப்போவதில்லை. அந்தக் கார் இனிமேல் காலையில் சும்மா நிற்கும். அதை நினைக்க நினைக்கக் கார்மேகத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கரை திரும்பும் வரைக்கும் அவர் மோர் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை நாகவள்ளி பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொன்னாள். அடுத்த வாரம் வேலைக்குச் சேரச் சொன்னார்கள்.

முதல் நாள் விடிந்ததும் எழுந்து கார்மேகம் காரைத் துடைத்தார். நாகவள்ளி கஞ்சி போட்ட காட்டன் புடவையில், தோளில் பையோடு இறங்கி வந்தாள். அவள் இவ்வளவு அழகாகச் சிரித்து அவர் பார்த்து நாளாகியிருந்தது. முன்கதவைத் தானே திறந்துவிட்டார். பின்னால் மேனுஜா ஏறினாள், "அண்ணை, உங்களுக்குப் பெரிய கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டே. பெரிய மகள் ஏறினாள். சின்ன மகள் தெர்மோகோலில் செய்த எரிமலை ஒன்றோடு ஏறினாள். எரிமலையின் உச்சி கார்மேகத்தின் பிடரியில் குத்தியது.

"அங்கிள், ஸ்லோவா போங்க, இது உடைஞ்சிடும்," என்றாள் சின்னவள்.

கார்மேகம் சாவியைத் திருப்பினார். அப்போதுதான் சுஜந்தன் படியிறங்கி வந்தான். சாரம் கட்டியிருந்தான். தலை கலைந்திருந்தது. கண்ணில் தூக்கம் மிச்சம் இருந்தது. கையில் தேத்தண்ணிக் கோப்பை. காருக்கு அருகில் வந்து நின்று, நன்றாகச் சோம்பல் முறித்தான்.

"அண்ணை, இந்த உதவியை நான் மறக்க மாட்டன். மூண்டு வருசமாக் காலமை நித்திரை எண்டதே எனக்கு இல்லை. இண்டைக்குத்தான் வடிவாப் படுத்தனான். இனிப் போய்த் திரும்பவும் படுக்கப் போறன்."

கார்மேகம் மெதுவாகத் திரும்பி நாகவள்ளியைப் பார்த்தார். நாகவள்ளி கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் பார்க்கிற மாதிரி ஒன்றுமில்லை.

"நேரமாகுதுங்க," என்றாள். "மொத நாளே லேட்டாகக் கூடாது."

அவர் கியரைப் போட்டார். கார் நகர்ந்தது. சுஜந்தன் அவசரமாக இரண்டு எட்டு வைத்து வந்து கண்ணாடியைத் தட்டினான். கார்மேகம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, மத்தியானம் இவையளை ஏத்திக்கொண்டு வரேக்கை, பேக்கரியிலை எனக்கு ஒரு றாத்தல் பாணும் வாங்கிக்கொண்டு வாங்கோ."